தலைப்பு வேண்டாம், கேள்வி கொடுங்கள்! வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு முதல் கட்டுரைப் பாடம்

"மீன் ஏன் இன்னிக்கு இவ்வளவு விலை?" மீன்பிடித் தடைக்காலத்தில் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி இது. பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டால், "போட்டு எல்லாம் கடலுக்குப் போகலம்மா. மீன் முட்டை போடற நேரம். அதான் வரத்து கம்மி" என்று பட்டென்று சொல்லிவிடும். அதே பிள்ளையிடம் 'மீன்பிடித் தடைக்காலம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், 'முன்னுரை' என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் பலர் தடுமாறும் இடம் இதுதான். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் 14 வயது நிறைந்த பின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அப்போது 'விளக்குக', 'காரணம் கூறுக' என்று வரும் கேள்விகளுக்குச் சொந்தமாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான பழக்கத்தைச் சின்ன வயதிலேயே தொடங்கிவிடலாம்.

கதை, நடந்ததைச் சொல்லும். வர்ணனை, பார்த்ததைக் காட்டும். விளக்கக் கட்டுரையோ தெரியாதவருக்குப் புரியவைக்கும். இதைப் பழக்க ஐந்து படிகள் போதும்.

1. கேள்வியாகக் கேளுங்கள்
'தடைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. 'காசிமேட்டில் இரண்டு மாதம் விசைப்படகுகள் ஏன் கடலுக்குப் போவதில்லை?' என்று கேட்டால், பதில்தான் கட்டுரை.

2. முதலில் வாயால் சொல்லட்டும்
கடலையே பார்க்காத தர்மபுரி மாமா பெண்ணுக்குச் சொல்வதாக நினைத்துச் சொல்லச் சொல்லுங்கள். "விசைப்படகுன்னா என்ன?" என்று நடுவில் கேளுங்கள். எதையெல்லாம் விளக்க வேண்டும் என்பது அப்போதுதான் பிள்ளைக்குப் புரியும்.

3. துண்டுச் சீட்டில் எழுதுங்கள்
ஒரு சீட்டில் ஒரு தகவல். பிறகு 'என்ன', 'ஏன்', 'அதனால் என்ன' என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிரிவும் ஒரு பத்தி.

4. பத்தியின் முதல் வரியிலேயே விஷயம்
இப்படி: 'ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. இது மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். அப்போது வலை வீசினால் சினை மீன்களும் சிக்கிவிடும். பிறகு கடலில் மீன் குறையும்.' முன்னுரையைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

5. 'எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள்
தேதி சரியா, யார் சொன்னார்கள் என்று பிள்ளையே தேடட்டும். படகு ஓட்டும் சித்தப்பாவிடம் கேட்டுவருவதும் ஆராய்ச்சிதான். எழுத்துப்பிழையை இதெல்லாம் முடிந்த பிறகு திருத்துங்கள். முதலிலேயே சிவப்புப் பேனாவை எடுத்தால் பிள்ளை எழுதவே பயப்படும்.

திருவொற்றியூர்க் கோயிலுக்கு அடிக்கடி வந்து வழிபட்ட வள்ளலார், பள்ளிப் படிப்பில் நாட்டமில்லாமல் வளர்ந்தவர் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. அவருடைய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' உரைநடை நூலில் கேள்வியை எழுப்பி, பதில் சொல்லி, எதிர்க்கேள்விக்கும் விளக்கம் தருவார். கேள்வியில் தொடங்கும் இந்த வழி நமக்குப் புதிதல்ல.

அடுத்தடுத்த கட்டுரைகளுக்கும் வெளியே தேட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் நெத்திலி ஆய்வது எப்படி என்று எழுதலாம். கொஞ்சம் பெரியவர்கள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஏன் புறப்பட்டது என்று தேடி எழுதலாம். பதின்ம வயதினர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதையும், அதனால் மீனவர்களின் பிழைப்பு என்ன ஆனது என்பதையும் எழுதலாம்.

இந்தக் கடைசிக் கட்டுரை வெறும் தேர்வுப் பயிற்சி அல்ல. துறைமுகம், அனல்மின் நிலையம், ஆலைகள் சூழ்ந்த இந்த ஊர்களில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு என்று வரிசையாக எழுதத் தெரிந்த பிள்ளை, நாளை தெருவுக்காக ஒரு மனுவையும் தெளிவாக எழுதும். அதிகாரி அதைப் படித்ததும் விஷயம் புரியும்.

வாரம் ஒரு கேள்வி, அரைப் பக்கம் பதில். இந்த வாரமே தொடங்கிப் பாருங்கள்.