கிட்டாரும் மரப்பெயரும்



நம் கடப்பாக்கத்தில் பூவரச மரத்தை அறியாதவர் ஒருவரும் இரார். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியே வளர்ந்தவர்கள் நாம். இம்மரம் பசிபிக் தீவுகளின் கரைகளிலும் வளர்கின்றது. ஹவாய்த் தீவினர் இதில் உண்கலங்கள் கடைந்தார்கள். உக்குலேலி என்னும் சிறிய நரம்புக் கருவியும் இதில் செய்யப்படுவதுண்டு. ஆனால் மர வணிகர்கள் இதற்கு இட்ட பெயர் யாது தெரியுமா? 'பசிபிக் ரோஸ்வுட்' என்பதாகும்! உண்மையான ரோஸ்வுட், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூவரசோ பருத்திக்கும் வெண்டைக்கும் உறவு. நிறமும் பளபளப்பும் ஓரளவு ஒத்திருப்பதே இப்பெயருக்குப் போதுமானதாயிற்று.

பெயரில் என்ன இருக்கின்றது என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. தலைமையாசிரியராக இருந்தபோது பள்ளிக்குப் பெஞ்சுகள் வாங்கினேன். பட்டியலில் 'முதல்தர நாட்டு மரம்' என்று எழுதியிருந்தது. இரண்டு ஆண்டுகளில் உளுத்துப் பொடி உதிர்ந்தது. வியாபாரியிடம் முறையிட்டேன். "மாவும் நாட்டு மரந்தானே, ஐயா!" என்றார் அவர். பட்டியலில் உள்ளபடி அவர் சொன்னதில் பிழையில்லை. மரத்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்காதது என் பிழை.

கிட்டார் வாங்குவோர்க்கும் இவ்விடர் உண்டு. அக்கருவியின் மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் போன்ற இலேசான மரத்தாலானது. தந்திகளின் அதிர்வை ஏற்று ஒலியாக்குவது அதுவே. முதுகுக்கும் பக்கங்களுக்கும் ரோஸ்வுட், மகோகனி முதலிய கனத்த மரங்களைக் கொள்வர். விலைப்பட்டியலில் 'ரோஸ்வுட்' என்னும் ஒரு சொல் மட்டும் இருந்தால் எதை அறிந்துகொள்வது? டால்பெர்கியா என்னும் பேரினத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பல ரோஸ்வுட் என்றே விற்கப்படுகின்றன. வெட்டும்போது சிலவற்றில் ரோஜா மணம் எழுவதால் அப்பெயர் வந்தது.

அவற்றுள் புகழ்பெற்றவை இரண்டு. ஒன்று பிரேசில் நாட்டு டால்பெர்கியா நைக்ரா. மற்றொன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் அழைக்கும் டால்பெர்கியா லாட்டிஃபோலியா. லாட்டிஃபோலியா என்றால் அகன்ற இலையுடையது என்று பொருள். பெயரிட்டவர், சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பரோ.

பிரேசில் மரம் கிடைப்பது அரிதாகவே, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் தன் கிட்டார்களுக்கு நம் ஈட்டியைப் பெருமளவில் கைக்கொண்டது. 1992-இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை, பிரேசில் மரத்தைக் கடுங்கட்டுப்பாடுள்ள முதற் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடும் ஈட்டி மரங்களைக் காக்க 1994-இல் தனிச் சட்டம் இயற்றியது.

பலகையாக அறுத்தபின் இன்ன இனம் என்று பிரித்தறிவது சுங்க அதிகாரிகளுக்கு எளிதன்று. இலையும் பூவும் காயும் போய்விட்டன. குறுக்கு வெட்டில் தெரியும் நுண்துளைகளை உருப்பெருக்கியால் நோக்கினும், நெருங்கிய இனங்கள் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே ஒரு மரத்தை மற்றொன்றின் பெயரால் அனுப்புவது எளிதாயிற்று. இதனைத் தடுக்க, 2017 ஜனவரி 2 முதல் பிரேசில் மரம் நீங்கலாக டால்பெர்கியா பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலில் வைக்கப்பட்டது. இசைக் கலைஞர்கள் இதனால் பெரிதும் இடர்ப்பட்டார்கள். எல்லை கடக்கும் கிட்டாருக்கும் கிளாரினெட்டுக்கும் தாள்களைத் தேடுவதாயிற்று! 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்களித்தார்கள். பிரேசில் மரத்துக்கு மட்டும் அவ்விலக்கு இல்லை. ஆதலால் 'ரோஸ்வுட்' என்று மட்டும் எழுதிய பழங்கிட்டாரோடு பயணம் செய்பவர், அது எந்த ரோஸ்வுட் என்று காட்ட வேண்டிய நிலை இன்றும் நேரலாம்.

குற்றம் வெளிநாட்டு வணிகர் மீது மட்டும் என்று கருத வேண்டா. நாமும் கருங்காலி என்னும் ஒரு பெயரால், எபனி மரத்தையும் காசுக்கட்டி எடுக்கும் வேறொரு முள்மரத்தையும் அழைக்கின்றோம். பொருள் பிறந்த இடத்தை விட்டுக் கப்பல் நின்ற இடத்தால் பெயர் இடுவதும் உண்டு. சீனத்தில் செய்து, நம் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பா சென்ற அரக்குப் பூச்சு மரத்தட்டிகளுக்கு அங்கே 'கோரமண்டல் தட்டிகள்' என்று பெயர். அக்காலத்தில் இக்கரையில் கப்பல்கள் நின்ற துறைகளுள், இங்கே இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையின் துறையும் ஒன்று.

கடைக்குச் சென்றால், மரத்தின் தாவரவியற் பெயர் யாது, முழுப் பலகையா ஒட்டுப் பலகையா என்று இரண்டு வினாக்களைக் கேளுங்கள். மலிவான கருவிகள் பலவற்றில் ரோஸ்வுட் என்பது வேறு மரத்தின்மேல் ஒட்டிய மெல்லிய தோலே. விடை கிட்டாவிடில், ஒலித்துளை வழியே சிறு விளக்கொளியைப் பாய்ச்சிக் கருவியின் உட்புற முதுகைப் பாருங்கள். வெளியே காணும் ரேகைகள் உள்ளேயும் அதே இடத்தில் ஓடினால், பெரும்பாலும் அது முழுப் பலகை. உள்ளே வேறு ரேகை தெரிந்தால், அது ஒட்டுப் பலகை என்று கொள்க.