பதினோரு நாளில் ஒரு கப்பல்

முதல் தடவை டீம் லீட் ஆகியிருக்கும் ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "நாலு பேர், ரெண்டு வாரம், க்ளையன்ட் தேதியை நகர்த்தவே மாட்டார். எங்கே ஆரம்பிக்கிறது?"

இதுக்கு உதாரணம் நம்ம ஓ.எம்.ஆர்ல இல்லை, காட்டுப்பள்ளியில இருக்கு. எண்ணூர் தாண்டி பழவேற்காடு பக்கம். சுத்தி மீனவக் கிராமங்கள், கரையில் துறைமுகமும் எல் அண்ட் டி-யின் கப்பல் தளமும். துறைமுக விரிவாக்கத்தை மீனவர்கள் எதிர்க்கிற செய்திகளில்தான் நம்மில் பலர் இந்தப் பேரைக் கேட்டிருப்போம். அது தனி எபிசோடாகவே பேச வேண்டிய விஷயம்.

2022 ஆகஸ்ட் 7 அன்று அந்தத் தளத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' வந்தது. சுமார் 210 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று ரிப்பேருக்காக இந்தியா வந்தது அதுதான் முதல் தடவை. ஒதுக்கப்பட்டது 11 நாள்.

கப்பல் ரிப்பேரில் என்ன சிக்கல்னா, வேலைப் பட்டியல் முன்னாடியே கைக்கு வந்துடும். ஆனா கப்பல் வந்து சேரும்வரை எதையும் திறந்து பார்க்க முடியாது. திறந்தா, பட்டியலில் இல்லாத துரு இருக்கும். தொழிலில் இதை 'க்ரோத் வொர்க்' என்பார்கள். பெயின்ட் அடிக்க வந்தவர் சுவரைச் சுரண்டிட்டு "சார், உள்ளே பூரா ஓதம்" என்பாரே, அதேதான்.

அதனால பொதுவா முதலில் திறந்து பார்க்கிறார்கள். கண்டது என்ன, சரிசெய்ய எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று எழுதிக் கொடுத்து, க்ளையன்ட் ஒப்புக்கொண்ட பிறகே கை வைக்கிறார்கள். ரெண்டாம் நாள் தெரிஞ்ச துருவுக்கு உதிரி பாகம் வரவழைக்கலாம், இல்லேன்னா வேற வேலையைக் குறைச்சுக்கலாம். ஒன்பதாம் நாள் தெரிஞ்சா சாரி மட்டும்தான் சொல்ல முடியும்.

என் டீமிலும் இதுதான் வழக்கம். முதல் ரெண்டு நாள் யாரும் எதையும் முடிக்க வேண்டாம். பேமென்ட் கேட்வே, பழைய டேட்டாபேஸ், இன்னொரு வெண்டர்கிட்ட இருந்து வரவேண்டிய லாகின்னு பயமுறுத்துறதை எல்லாம் முதலில் திறக்கணும். கண்டதை நாலு வரியில் எழுதினா, அன்னைக்கு சாயங்காலமே அது க்ளையன்டுக்குப் போயிடும். செய்யலாமா, விடலாமா, எதுக்குப் பதிலா செய்யறதுன்னு முடிவு பண்றது அவர்.

இங்கே லீடுக்கு இருக்கிற கஷ்டமான வேலை, முகத்தை மாத்தாம கேட்கிறது. "இது ஏன் முன்னாடியே தெரியலை?"ன்னு ஒரு ஜூனியர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த துருவை அவர் உங்ககிட்ட காட்டவே மாட்டார், பெயின்ட் அடிச்சு மூடிடுவார்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிடறேன். 2023 மார்ச்சில் 'மேத்யூ பெரி' அதே தளத்துக்கு வந்தது. அந்த வருஷமே அமெரிக்கக் கடற்படையோடு எல் அண்ட் டி-க்கு ஐந்து வருட ரிப்பேர் ஒப்பந்தமும் ஆச்சு. அதில் ரெண்டு நாட்டு அரசியலும் இருக்கு, 11 நாள் வேலை மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வேலை இழுபறி ஆகியிருந்தா, ரெண்டாவது கப்பலை அனுப்ப யோசிச்சிருப்பாங்க.

அடுத்த வாரமும் அதே பக்கம்தான். பழவேற்காடு ஏரியில் எந்தக் குழு எந்த நாள் எங்கே வலை போடணும்னு மீனவர்கள் முறை வெச்சுப் பிரிச்சுக்கிற 'பாடு' பத்திப் பேசலாம். ஆன்-கால் ரோஸ்டர் போட்டே சண்டையாகிற டீம்கள் கண்டிப்பா கேளுங்க.