ஒரு என்ஜின் நின்றுவிட்டால்... கை வைக்கும் முன் காலைக் கவனியுங்கள்

பிளைட் சிமுலேட்டரில் டேக் ஆஃப், லேண்டிங் எல்லாம் பழகிய பின் பலருக்கும் ஒரு சலிப்பு வரும். மைக்ரோசாப்ட் 2006ல் வெளியிட்ட பிளைட் சிமுலேட்டர் எக்ஸ் தொகுப்பை இன்னும் வைத்திருப்பவர்கள், அதில் உள்ள லியர்ஜெட் 45 என்ற சிறிய ஜெட் விமானத்தை எடுத்து, வானில் ஒரு என்ஜினை நிறுத்திப் பாருங்கள். சலிப்பு பறந்துவிடும்.

முதலில் ஏர்கிராஃப்ட் மெனுவில் ரியலிசம் செட்டிங்ஸ் சென்று, ஆட்டோ ரட்டர் எதிரே டிக் அடையாளம் இருந்தால் எடுத்துவிடவும். இது இருந்தால் ரட்டரை நீங்கள் தனியாக இயக்க முடியாது. பின் அதே மெனுவில் பெயிலியர்ஸ் பிரிவைத் திறந்து, ஒரு என்ஜின் பழுதாகும்படி அமைக்கவும். எந்த என்ஜின் என்று நீங்களே தேர்ந்தெடுத்தால் அது விடை தெரிந்த தேர்வு. வீட்டில் வேறு யாரையாவது அமைக்கச் சொல்வது நல்லது.

லியர்ஜெட்டின் இரண்டு என்ஜின்களும் இறக்கையில் இல்லை. உடலின் பின்பகுதியை ஒட்டி உள்ளன. எனவே ஒன்று நின்றாலும் விமானம் சட்டென்று புரண்டுவிடாது. மூக்கு மட்டும் நின்ற என்ஜின் பக்கம் திரும்பும். இடது என்ஜின் நின்றால், நேராக்க வலது ரட்டரை அழுத்த வேண்டும். உண்மையான விமானத்தில் பைலட்டின் வலது கால் பெடலை மிதிக்கும். இடது கால் சும்மா இருக்கும். சும்மா இருக்கும் கால் எந்தப் பக்கமோ, நின்ற என்ஜினும் அந்தப் பக்கம்தான்.

கீபோர்டில் பறப்பவர்களுக்கு நம்பர் பேடில் உள்ள 0 இடது ரட்டர், என்டர் வலது ரட்டர். நடுவில் உள்ள 5ஐத் தவறி அழுத்திவிடாதீர்கள். ரட்டர் மீண்டும் நடுவுக்கு வந்து, விமானம் பழையபடி திரும்பத் தொடங்கும்.

காலின் சாட்சி மட்டும் போதாது. சுழற்சியையும் வெப்பத்தையும் காட்டும் மீட்டர்களைப் பாருங்கள். பிறகு இ கீயை அழுத்தி, உடனே மேல் வரிசையில் உள்ள 1 (இடது) அல்லது 2 (வலது) அழுத்தி, எப்2 மூலம் அந்த என்ஜினின் திராட்டிலை மெல்லக் குறைக்கவும். எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் நின்ற என்ஜின். வேகம் விழுந்தால், தொட்டது நல்ல என்ஜினை! உடனே எப்3 அழுத்திக் கூட்டுங்கள். எரிபொருளை நிறுத்துவதெல்லாம் அதற்குப் பின்னர்தான்.

ஏன் இவ்வளவு நிதானம்? 1989 ஜனவரி 8ல் இங்கிலாந்தில் கெக்வொர்த் அருகே ஒரு போயிங் 737-400 விழுந்தது. பழுதானது இடது என்ஜின். பைலட்டுகள் நிறுத்தியது வலது என்ஜினை. அதை நிறுத்தும் வேளையில் அதிர்வும் புகையும் குறைந்ததால், சரியானதைத்தான் நிறுத்தினோம் என்று நம்பிவிட்டனர். தரையிறங்கும் நேரத்தில் இடது என்ஜினும் கைவிட்டது. 47 பேர் இறந்தனர். தைவானில் 2015 பிப்ரவரியில் ஒரு ஏடிஆர் விமானத்திலும் இதே தவறு நடந்து 43 பேர் பலியாயினர்.

அதிக உயரத்தில் பறக்கும்போது என்ஜின் நின்றால், மீதமுள்ள ஒன்றால் அந்த உயரத்தைத் தக்கவைக்க முடியாது. மூக்கைத் தூக்கி உயரத்தைப் பிடித்துவைக்க முயன்றால் வேகம் குறைந்துகொண்டே போகும். வேகத்தைக் காப்பாற்றி, உயரத்தை மெல்ல விட்டுக்கொடுங்கள்.

தரையிறங்கும்போது பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஓடுதளத்தின் மேல் வந்து திராட்டிலைக் குறைத்ததும், அதுவரை பிடித்திருந்த ரட்டரையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும். மறந்தால் மூக்கு இப்போது எதிர்ப்பக்கம் திரும்பி, விமானம் புல்வெளியில் போய் நிற்கும்.