தனிப் பயிற்சிக் கட்டணம்: உடற்பயிற்சிக் கூடங்கள் மறைப்பது ஏன்?

புது தில்லி: தலைநகரின் லாஜ்பத் நகர், ரஜௌரி கார்டன், லட்சுமி நகர் போன்ற பகுதிகளில் தெருவுக்குத் தெரு உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகிவிட்டன. அவற்றின் இணையதளங்களில் கருவிகளின் படங்கள் இருக்கின்றன. பயிற்சியாளர் வென்ற பதக்கங்களும், சில மாதங்களில் உடல் இளைத்தவர்களின் புகைப்படங்களும் இருக்கின்றன. தனிப் பயிற்சிக்கு மாதம் எவ்வளவு என்ற தகவல் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த இடத்தில் "கட்டண விவரத்துக்குத் தொடர்பு கொள்ளவும்" என்ற வரியும் ஒரு கைப்பேசி எண்ணும்தான் காணப்படுகின்றன.

வெறும் அசௌகரியமாக இருந்துவந்த இந்த வழக்கம், 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதியிலிருந்து பணம் சார்ந்த கேள்வியாகவும் மாறியுள்ளது. அன்றுமுதல் உடற்பயிற்சிக் கூடங்கள், முடிதிருத்தகங்கள், யோகா மையங்கள் ஆகியவற்றின் சேவைகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரூ. 10,000 கட்டணத்துக்கு வரியுடன் ரூ. 11,800 செலுத்தியவர், இனி ரூ. 10,500 செலுத்தினால் போதும். கணக்கு எளிமையானதுதான். ஆனால், முன்பு வசூலித்த கட்டணம் எங்கும் எழுதி வைக்கப்படாத நிலையில், ரூ. 1,300 குறைந்ததா, அடிப்படைக் கட்டணம் சத்தமின்றி உயர்ந்ததா என்பதை எதைக் கொண்டு ஒப்பிடுவது?

உரிமையாளர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய 5 சதவீத விகிதத்தில் உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. வாடகைக்கும் கருவிகளுக்கும் செலுத்திய வரியை முன்புபோல் கழித்துக்கொள்ள முடியாததால், அது அவர்களின் செலவில் சேர்ந்துவிடுகிறது. அதற்காகக் கட்டணத்தை ஓரளவு உயர்த்த நேர்ந்தால், அதை வெளிப்படையாகச் சொல்வதில் என்ன தடை என்று தெரியவில்லை.

பயிற்சியாளர்கள் கூறும் காரணம் வேறு. முழங்கால் வலியுடன் வரும் முதியவருக்கும், போட்டிக்குத் தயாராகும் இளைஞருக்கும் ஒரே கட்டணம் விதிக்க இயலாது. வீட்டுக்குச் சென்று கற்பிப்பதாக இருந்தால் தொலைவையும் கணக்கில் கொள்ள வேண்டும். தொகையை முன்கூட்டியே அறிவித்தால், அனுபவத்தையும் தகுதியையும் பாராமல் மலிவானவரையே மக்கள் நாடுவார்கள். பக்கத்துக் கூடமோ அதைவிட நூறு ரூபாய் குறைத்து அறிவித்துவிடும் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. உடற்பயிற்சி கற்பிப்பதற்கு அரசு உரிமம் கட்டாயமில்லாத நாட்டில், முறையாகப் பயின்றவர்களின் இந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது.

எனினும், ஆளுக்கு ஆள் தேவை மாறுபடும் தொழில் இது ஒன்றுதானா? மருத்துவரிடம் வரும் நோயாளிகளின் தேவைகளும் வேறுபடுகின்றன. அப்படியிருந்தும், மருத்துவர் தமது கட்டணத்தை அறிவிப்புப் பலகையில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் கூறுகின்றன. அந்தப் பலகையை எத்தனை மருத்துவமனைகளில் காண முடிகிறது என்பது வேறு விஷயம். வழக்கறிஞர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. 2008-இல் தளர்த்தப்பட்ட பார் கவுன்சில் விதியின்படி, அவர்கள் இணையதளத்தில் பெயர், முகவரி, தகுதி, பணியாற்றும் துறை போன்ற சில விவரங்களை மட்டுமே வெளியிடலாம். கட்டணம் அந்தப் பட்டியலில் இல்லை. உடற்பயிற்சியாளருக்கோ வெளியிடுமாறு கட்டளையும் இல்லை, வெளியிடத் தடையும் இல்லை.

சட்டத்தில் இதனால் ஏற்படும் இழப்பு நுகர்வோருக்குத்தான். காட்சிக்கு வைக்க வேண்டிய விலைப் பட்டியலில் உள்ளதைவிட அதிகம் வசூலித்தால் புகார் செய்ய 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. பட்டியலே இல்லாத இடத்தில், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை எவ்வளவு என்பதை நிரூபிக்க வேண்டியதாகிறது. வாய்மொழிப் பேரத்துக்குச் சாட்சி ஏது? முதலில் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, சேர்க்கைக் கட்டணம், உணவுத் திட்டம் என்று பின்னர் ஒவ்வொன்றாகக் கூட்டுவதும் நடக்கிறது. இணையவழி விற்பனையில் இத்தகைய தந்திரத்தை, 2023 நவம்பரில் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தடை செய்துள்ளன. வரவேற்பு மேசையில் நேரில் நடக்கும் பேரத்தை அவை எட்டுவதில்லை.

ஆகவே, காசு விடாமல் துல்லியமான தொகையைக் கேட்பது நியாயமாகாது. "மாதம் 12 வகுப்புகள், தொடக்கக் கட்டணம் இவ்வளவு, வீட்டுக்கு வந்தால் கூடுதலாக இவ்வளவு, இடையில் நின்றால் திரும்பக் கிடைப்பது இவ்வளவு" என்று மூன்று வரிகள் எழுதினாலே போதுமானது. கடைசி வரியே மிக முக்கியம். ஆறு மாதம், ஓராண்டு என்று முன்பணம் வாங்கும் கூடங்களில், இரண்டாம் மாதமே பயிற்சியாளர் வேலையை விட்டுச் சென்றுவிட்டால் மீதித் தொகை என்னவாகும் என்பதைச் சேரும்போது கேட்பவர்கள் குறைவு.

ஆண்டு வருவாய் ரூ. 20 லட்சத்தைத் தாண்டாத தனிப் பயிற்சியாளர், பொதுவாகச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெற வேண்டியதில்லை. பதிவு பெறாதவர் "வரி தனி" என்று கேட்டால், பதிவு எண்ணுடன் கூடிய ரசீதைக் கோரலாம். தராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐத் தொடர்பு கொள்ளலாம்.