தறி கெட்டால் அட்டையைக் கொளுத்துவதா?

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் இன்றும் தறியோசை கேட்கும். தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் கோத்துத் தொங்கும் துளையிட்ட அட்டைகள். துளையுள்ள இடத்தில் ஊசி நுழைந்துவிடும். அதற்குரிய கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும். அந்த நூல் எழாது. 1804-இல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு உருவாக்கிய முறை இது. சேலைக் கரையிலுள்ள அன்னமும் யாளியும் அட்டையில்தான் இருக்கின்றன, தறியில் அல்ல.

பூ கோணலாக விழுந்தால் நெசவாளர் நூலின் இழுப்பைப் பார்ப்பார், கொக்கியைப் பார்ப்பார். அட்டைகளைக் கொளுத்தமாட்டார். பாதி நெய்த சேலையை அறுத்தெறியவும் மாட்டார். என் மாணவர் ஒருவர் கணினியில் ஏறக்குறைய அதைத்தான் செய்தார்!

அவர் பயன்படுத்தியது 'மேம்' என்னும் எமுலேட்டர். ஒரு பொறி மற்றொரு பொறியைப் போல நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருளே எமுலேட்டர் ஆகும். 1964-இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய 360 வரிசைக் கணினிகளிலேயே பழைய 1401-க்கு எழுதிய நிரல்களை ஓட்ட இந்த வழி இருந்தது. 'மேம்' 1997-இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கிவைத்தது.

1980-இல் வந்த 'பேக்-மேன்' விளையாட்டுப் பொறியை எடுத்துக்கொள்வோம். அதன் இசட்80 செயலி விநாடிக்கு 30,72,000 துடிப்புகளில் இயங்கியது. திரைப்படம் விநாடிக்குச் சுமார் 60 முறை புதுப்பிக்கப்பட்டது. ஆக, ஒரு படத்துக்குச் சுமார் 50,000 துடிப்புகள். இன்றைய கணினி இந்த வேலையை நொடிப்பொழுதில் முடித்துவிடும். பிறகு? அடுத்த படத்துக்கு நேரம் வரும்வரை எமுலேட்டர் வேண்டுமென்றே காத்திருக்க வேண்டும். நம் மாணவர் அமைப்புகளைக் குடைந்து, இந்தக் காத்திருப்பை நிறுத்திவிட்டார். பேக்-மேன் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பறந்தது. எதை மாற்றினோம் என்பது அவருக்கு நினைவில்லை. கோப்புறை முழுவதையும் அழித்து, மென்பொருளை மறுபடி நிறுவினார். வேகம் சரியாயிற்று, ஆனால் வேறு விளையாட்டுகளில் இரண்டாண்டுகளாகச் சேமித்திருந்த கட்டங்கள் எல்லாம் போயின.

அழிக்க வேண்டியது எது? இயல்பு அமைப்புகள் மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. அவை எங்கும் போய்விடுவதில்லை. நாம் செய்யும் மாற்றங்கள் தனிக் கோப்புகளில் அவற்றின்மேல் வந்து உட்காருகின்றன. 'மேம்.ஐஎன்ஐ' என்ற கோப்பில் திரை, ஒலி, வேகம். 'சிஎஃப்ஜி' என்ற கோப்புறையில் விசைகள். அங்கே எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக ஒரு கோப்பும், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் கோப்பும் இருக்கும். மேலே உட்கார்ந்த கோப்பு இல்லாவிட்டால், மென்பொருள் தானாகவே தன் இயல்புக்குத் திரும்பிவிடும்.

ஆகவே முதலில் எமுலேட்டரை மூடுங்கள். இது முக்கியம், 'மேம்' மூடப்படும்போதுதான் விசை அமைப்புகளை எழுதிவைக்கிறது. ஓடும்போதே அந்தக் கோப்பை அழித்தால், மூடும்போது அதே தவறான அமைப்பு மீண்டும் எழுதப்படும்! (அழித்தும் பயனில்லை என்று பலர் அலுத்துக்கொள்வது இதனால்தான்.) பிறகு அந்தக் கோப்பின் பெயரோடு 'பழையது' என்று சேர்த்துவிடுங்கள். அழிப்பதைவிடப் பெயர் மாற்றுவதே நல்லது. தேவையானால் பழைய பெயரைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம் அல்லவா? சேமித்த கட்டங்கள் இருக்கும் 'எஸ்டிஏ', பொறியின் நினைவகம் இருக்கும் 'என்விரேம்' ஆகிய கோப்புறைகளைத் தொடவே வேண்டாம். அவை பாதி நெய்த சேலை. விளையாட்டு நிரல்கள் உள்ள 'ரோம்ஸ்' கோப்புறையோ அட்டைக் கட்டு.

'ரெட்ரோஆர்ச்' போன்ற மென்பொருளில் இதற்கும் எளிய வழி உண்டு. பட்டியலில் ஓர் அமைப்பின்மேல் நின்று, கைப்பிடியின் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால், அந்த ஒன்று மட்டும் இயல்புக்குத் திரும்பும்.

எல்லா விளையாட்டும் சரியாகி, ஒன்றில் மட்டும் கோளாறு தொடர்கிறதா? அந்த விளையாட்டுக்குரிய தனிக் கோப்பைப் பாருங்கள். பேக்-மேனின் அசல் பொறியில் ஆட்டக்காரருக்கு எத்தனை உயிர் என்பதைச் சுற்றுப்பலகையிலுள்ள சிறு ஆளிகளே முடிவு செய்தன. எமுலேட்டரில் அந்த ஆளிகளை நீங்கள் மாற்றியிருந்தால், அந்த மாற்றம் இருப்பதும் அந்தத் தனிக் கோப்பில்தான்.