'சூப்பர்ண்ணா' போதாது

கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. மேடையில் பத்துப் பதினைந்து பேர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சூழ்ந்து நிற்கிறார்கள். அட்சதை பறக்கிறது. முதல் கேமராவுக்கு நேராக ஒரு பெரியவரின் கை உயர்ந்து, தாலி கட்டும் விரல்களைப் பாதி மறைத்துவிடுகிறது. மேடைக்கு இடப்பக்கம் நின்ற இரண்டாவது கேமராவில் தாலி தெரியவில்லை. பெண்ணின் அம்மா முகம் தெரிகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்குகிறார். மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் கை உள்ளே வருகிறது. எல்லாம் இருபது விநாடிக்குள் முடிந்துவிடும்.

அரியலூர் பக்கம் செந்துறையிலோ ஆண்டிமடத்திலோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி, ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 'மிக்சிங்' போடும்போது முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். கை மறைக்கும் இடத்தில் அம்மாவுக்குப் போவதா, மறைத்தாலும் பரவாயில்லை என்று தாலியிலேயே நிற்பதா? அம்மாவுக்குப் போனால் எந்த நொடியில் திரும்பி வருவது? நாத்தனார் முடிச்சு தவறிப்போனால் நாளைக்கு அந்த வீட்டில் என்ன பேச்சு கிளம்பும்?

சரியான விடை ஒன்றுதான் என்று இதற்குக் கிடையாது. நாலு பேர் உட்கார்ந்து வாதாட வேண்டிய கேள்வி. ஆனால் நம் எடிட்டர்கள் கூடும் இணையக் குழுக்களில் நடப்பது வேறு. வேலையை முடித்து ஹைலைட்ஸைப் போட்டால் வரிசையாக இதயக்குறிகள், 'வேற லெவல்', 'தாறுமாறு', 'சூப்பர்ண்ணா'. அத்தோடு சரி. அம்மாவின் முகம் அரை விநாடி தாமதமாக வந்தது என்று ஒருவர்கூடச் சொல்லமாட்டார். கவனித்தவர் இருந்திருப்பார். சொன்னால் மனசு நோகுமே என்று விட்டிருப்பார். அந்த நல்ல மனசைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அதனால் நஷ்டப்படுவது வளர்ந்துவரும் அந்தத் தம்பிதான். அடுத்த கல்யாணத்திலும் அதே அரை விநாடி தாமதம் அப்படியே இருக்கும்.

படத்தொகுப்பு ஒரு காலத்தில் ஆள் கூடிச் செய்த வேலை. கோடம்பாக்கத்தில் மூவியோலா, ஸ்டீன்பெக் என்ற பிலிம் எடிட்டிங் எந்திரங்கள் ஓடிய நாட்களில் எடிட்டிங் அறையில் எடிட்டர் தனியாக இருந்ததில்லை. பிலிமை வரிசைப்படி எடுத்துக் கொடுக்க ஒருவர், ஒட்டுப்போட ஒருவர், ஒலியும் படமும் பொருந்துகிறதா என்று பார்க்க ஒருவர். பின்னால் இயக்குநரும் அவருடைய உதவியாளர்களும். ஒரு ஷாட்டை வெட்டினால் திரும்ப ஒட்டியாக வேண்டும் என்பதால் வெட்டுவதற்கு முன் பேசினார்கள். இயக்குநர் ஏ.பீம்சிங்கின் மகனான எடிட்டர் பி.லெனின் போன்றவர்களின் அறைகளில் உதவியாளர்கள் தொழில் கற்றதும் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான்.

1994 பொங்கலுக்கு வந்த 'மகாநதி', ஆவிட் என்ற கம்ப்யூட்டர் முறையில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படமாகச் சொல்லப்படுகிறது. வெட்டியதை ஒரு சொடுக்கில் பழையபடி ஆக்கலாம், பத்து விதமாக வைத்துப் பார்க்கலாம் என்ற வசதி வந்தது. அது பெரிய விடுதலை. அதன் கடைசிப் படிதான் இன்று செந்துறை பஸ் ஸ்டாண்டில் நின்றபடி கைபேசியிலேயே கைன்மாஸ்டரில் ரீல்ஸ் வெட்டுகிற பையன். பின்னால் இருந்த நாலு பேர் மட்டும் அந்த வசதிக்கான விலையாகப் போய்விட்டார்கள். இப்போது எடிட்டர் தனி ஆள். ஹெட்போன், டைம்லைன், ராத்திரி இரண்டு மணி. இணையத்தில் எடிட்டர்கள் கூடுவதற்கு உண்மையான பயன் இருக்குமானால், அந்த நாலு பேரைத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் அது.

தமிழில் அப்படி ஒருமுறை நடந்தும் இருக்கிறது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படத்தைப் போட்டுக் காட்டி, எடுத்தவரை எதிரே நிறுத்தி, எங்கே இழுக்கிறது, எந்தக் காட்சி தேவையில்லை என்று நடுவர்கள் ஊர் பார்க்கச் சொன்னார்கள். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன் எல்லாரும் அதில் நின்று கேட்டுக்கொண்டவர்கள். அல்போன்ஸ் பின்னாளில் 'நேரம்', 'பிரேமம்' இரண்டையும் தானே தொகுத்தார். திறமை அவர்களுக்கு முன்பே இருந்திருக்கும். ஆனால் தன் படத்தின் குறையை ஒருவர் சொல்லச் சொல்ல முகம் சுளிக்காமல் நிற்பதை அந்த மேடை பழக்கியது.

பேச வேண்டிய நேரத்தில் பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2024 ஜூலை 12-இல் 'இந்தியன் 2' வெளியானது. மூன்று மணி நேரப் படம் இழுக்கிறது என்ற முனகல் எங்கும் கேட்டது. சில நாட்களிலேயே 12 நிமிடம் வெட்டினார்கள். அதே ஆண்டு நவம்பர் 14-இல் வந்த 'கங்குவா'வுக்கும் அதே கதி. 12 நிமிடம் குறைந்தது. சத்தம் காதைப் பிளக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்ல, தயாரிப்பாளரே ஒலியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார். கோடிகளில் புழங்கும் இடத்திலேயே பேச்சு படம் வெளிவந்த பிறகுதான் தொடங்கியது. லிங்குசாமியின் 'அஞ்சான்' இன்னும் வியப்பு. 2014-இல் பலத்த கேலிக்கு ஆளான படம் அது. அதன் இந்தி மொழிமாற்றத்தைக் காட்சி வரிசை மாற்றி வெட்டியபோது யூடியூபில் மக்கள் ரசித்தார்கள். பிறகு தமிழிலும் புதிதாகத் தொகுத்து 2025 நவம்பரில் திரையரங்குக்குக் கொண்டுவந்தார்கள். நடித்தவர்கள் அவர்களே, எடுத்த காட்சிகளும் அவையே. அடுக்கிய விதம் மட்டும் வேறு. படத்தொகுப்பு பற்றி விவாதம் தொடங்க ஆசைப்படும் யாருக்கும் இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. எந்தக் காட்சியை முதலில் காட்டினால் கதாநாயகன் மீது பரிவு வருகிறது, எதைத் தள்ளி வைத்தால் குழப்பம் வருகிறது என்று ஒரு வாரம் பேசலாம்.

சரி, பேச்சை எப்படித்தான் கிளப்புவது?

'எப்படி இருக்கு, சொல்லுங்க' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் வரும். அந்தக் கேள்விக்கு வேறு விடை கிடையாது. ஐந்து நிமிட வீடியோவைப் போட்டுக் கருத்துக் கேட்பதும் வீண். இருபது விநாடியை மட்டும் எடுக்க வேண்டும். அதையே இரண்டு விதமாக வெட்ட வேண்டும். ஒன்றில் கெட்டிமேளச் சத்தம் முதலில் கேட்டு, ஒரு விநாடி கழித்துப் படம் மேடைக்கு வரட்டும். இன்னொன்றில் சத்தமும் படமும் சேர்ந்தே வரட்டும். யார் வெட்டியது என்று பெயர் போடாமல், 'எதில் மயிர்க்கூச்செறிந்தது?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். தேர்ந்தெடுக்கச் சொன்னால் மனிதர்களுக்குக் காரணம் சொல்லாமல் இருக்க முடியாது. 'முதல்லதுதாண்ணா, மேளம் கேட்டதும் நானே மண்டபத்துக்குள்ள ஓடி வர்ற மாதிரி இருந்துச்சு' என்று ஒருவர் எழுதினால், 'இல்ல தம்பி, ரெண்டாவதுலதான் அதிர்ச்சி இருக்கு' என்று இன்னொருவர் வருவார். மூன்றாவது ஆள் வந்துவிட்டால் நீங்கள் ஒதுங்கி நின்று கேட்கலாம்.

இன்னொரு கேள்வியும் எப்போதும் வேலை செய்யும்: 'பாட்டை மியூட் பண்ணிட்டுப் பாருங்க, எங்க நிக்குது?' நம் கல்யாண ஹைலைட்ஸில் பாதியைத் தூக்கி நிறுத்துவது இளையராஜாவோ அனிருத்தோதான். பாட்டை எடுத்துவிட்டால் படம் தானாக நடக்கிறதா, தள்ளாடுகிறதா என்று தெரிந்துவிடும். உரிமைப் பிரச்சினையில் இணையத்தளமே பாட்டை ஊமையாக்கிவிட்ட வீடியோக்களில் இது பலருக்கும் கேட்காமலே தெரிய வந்திருக்கும்.

வாதத்துக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் வால்டர் மர்ச் வைத்ததை எடுத்துக்கொள்ளலாம். 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் எடிட்டர்களில் ஒருவர். ஒரு கட் சரியா என்று பார்க்க ஆறு அம்சங்களைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவரின் கண் திரையில் எங்கே இருக்கிறது என்பதற்கு 7. மிச்சம் இரண்டும் இடம், திசை பற்றியவை. இரண்டையும் சேர்த்தாலும் 9-தான். நம் குழுக்களில் நடக்கிற சண்டையெல்லாம் அந்த ஒன்பதுக்குள், அல்லது அதற்கும் வெளியே டிரான்ஸிஷன், பிளக்-இன், எந்த சாஃப்ட்வேர் என்பதில் முடிந்துவிடுகிறது. எடியஸா, பிரீமியரா, டாவின்ச்சியா என்று மூன்று நாள் மோதுவார்கள். அம்மா முகத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேசியிருந்தால் 51-ஐத் தொட்டிருக்கலாம்.

அதற்காகத் தொழில்நுட்பப் பேச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில விஷயங்களை ஊர் எடிட்டர்கள் உடைத்துப் பேசினால் பலரின் தூக்கம் மிஞ்சும். மண்டப விளக்கொளியில் வீடியோவில் வரி வரியாக ஓடுகிறதே, ஏன்? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. கேமராவின் ஷட்டரை 60-இல் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. 50-க்கோ 100-க்கோ மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். மாப்பிள்ளையின் நண்பர் கைபேசியில் எடுத்த அரைமணி நேரக் காட்சியைச் சேர்த்தால் போகப் போகச் சத்தம் ஓரிடம், உதடு ஓரிடம் என்று விலகுகிறதே? கைபேசி விநாடிக்கு இத்தனை பிரேம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. கூட்டியும் குறைத்தும் எடுக்கும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் முதலில் சீராக மாற்றிக்கொண்டு டைம்லைனில் போட வேண்டும். கலர் பற்றிக் கருத்துக் கேட்பவர்கள் வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பிக் கேட்பது பரிதாபம். அது சுருக்கி, கசக்கித்தான் போய்ச் சேரும். டாகுமெண்டாக அனுப்பினால் எடுத்தபடியே போகும். இதெல்லாம் தெரிந்தவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். கேட்கிறவர் கூச்சப்படுகிறார், அவ்வளவுதான்.

கூச்சத்துக்கு அவசியமே இல்லை. பெரிய எடிட்டர் ஒருவர் நம் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறார். விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் செந்துறை வழியாகத்தான் போகிறது. அந்த விழுப்புரத்தை ஒட்டிய வளவனூர்தான் எடிட்டர் கிஷோரின் ஊர். 'ஆடுகளம்' படத்துக்குத் தேசிய விருது வாங்கினார். 2015 மார்ச்சில், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். 'விசாரணை'க்கான இரண்டாவது தேசிய விருது மறு ஆண்டு அவர் இல்லாதபோது வந்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றுகூடிப் பேச 'விசாரணை' ஒன்றே போதும். அடி விழும் காட்சிகளில் எந்த இடத்தில் நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம், கட் அதற்கு முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எந்தக் கோர்ஸிலும் சொல்லித்தராத பாடம் கிடைக்கும்.

குறை சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. நம் ஊரில் மூத்தவரை நேரடியாக 'தப்பு' என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் தொழிலுறவே அறுந்துபோகலாம். 'அண்ணா, பன்னிரண்டாவது விநாடியில எனக்குக் கண்ணு இடப்பக்கம் இருந்துச்சு, அடுத்த ஷாட்ல ஆளு வலப்பக்கம் வர்றாரு, தேட வேண்டியதாப் போச்சு' என்று சொல்லலாம். இதில் அண்ணனின் திறமை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சொன்னவரின் கண் எங்கே போனது என்பது மட்டும்தான் இருக்கிறது. அதை யாரும் மறுக்கவும் முடியாது. பெரியவர்களும் ஒன்று செய்யலாம். தங்கள் பழைய வேலையை முதலில் வைத்து, 'இதுல எங்க இழுக்குது, சொல்லுங்கடா தம்பி' என்று கேட்டுவிட்டால் சின்னவர்களின் வாய்க்கட்டு தானாக அவிழும்.

இதில் சினிமா எடிட்டருக்கு இல்லாத சிக்கல் ஒன்று கல்யாண எடிட்டருக்கு உண்டு. அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கல்யாணத்தில் படம் யாருக்காக? மூன்று மணி நேர வி.ஹெச்.எஸ் கேசட் ஓடிய காலத்தில் பந்தியில் சாப்பிட்டவர், மொய் எழுதியவர், மேடையேறிப் பரிசு கொடுத்தவர் என ஒருவர் விடாமல் பதிவானார்கள். இன்று இன்ஸ்டாகிராமுக்கு ஒரு நிமிட டீசர் கேட்கும் மாப்பிள்ளைக்கு அதெல்லாம் வேண்டாம். ஆனால் அவருடைய சித்தப்பா முந்திரிக்காட்டு வேலையை விட்டுவிட்டு முந்தின நாளே வந்து பந்தல் வேலையைப் பார்த்தவர். 'நான் எங்கடா இருக்கேன்?' என்று அவர் கேட்கும்போது அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தாளம் கெடுகிறது என்று வெட்டிய முகம் ஒரு குடும்பத்துக்குக் கடனாகவும் மனஸ்தாபமாகவும் மாறலாம். எடிட்டர்கள் சேரும் இடங்களில் அதிகம் பேசப்படாததும், பேசினால் பிரமாதமாகச் சூடு பிடிக்கக்கூடியதும் இந்தக் கேள்விதான். டீசருக்கு ஒரு வெட்டு, வீட்டுக்கு ஒரு நீளப் படம் என்று இரண்டாகக் கொடுப்பது இன்று வழக்கமாகிவருகிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் நீளப் படத்தை ஏனோதானோ என்று ஒட்டித் தள்ளுவதை ஏற்க முடியவில்லை. பந்தியில் பெரியவர் ஒருவர் இலையை மடிப்பதற்கு முன் பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைக்கிறார் என்றால் அதையும் யோசித்துத்தான் வெட்ட வேண்டும்.

வெட்டி எறிந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிடலாம். ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பென்டிரைவ் கொடுத்த சில மாதங்களில் மூலக் காட்சிகளை அழித்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்துத் தாத்தா இறந்துபோன வீட்டிலிருந்து போன் வரும்: 'அன்னைக்கு அவர் பேசினது ஏதாச்சும் இருக்குங்களா தம்பி?' அழிப்பதற்கு எத்தனை நாள் முன்பு வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், முதியவர்கள் பேசிய துண்டுகளை மட்டுமாவது தனியே எடுத்துக் கொடுத்துவிட முடியாதா, அதற்குக் காசு வாங்கலாமா கூடாதா? முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம்தான் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஓய்வு. அப்போது அரியலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் கூடி இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவரலாம்.