கல்லாச் சாவி பிள்ளை கையிலா?

கல்லாப்பெட்டிச் சாவியைப் பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நம்மில் எவரும் தூங்கப் போவதில்லை. ஆனால் மயிலாப்பூர் மாட வீதியானாலும், தி.நகர் ரங்கநாதன் தெருவானாலும், அடையாறு காந்தி நகரானாலும், இன்று பெட்டிக்கடையில் கூட யு.பி.ஐ. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அந்தக் கல்லாவின் சாவி நமது செல்போன். அதைத்தான் இரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் நீட்டுகிறோம்.

நானும் அப்படித்தான் நீட்டினேன். 2021-ல் பள்ளிகள் மூடியிருந்த நேரம். என் மகன் எட்டாம் வகுப்பு. வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றே ஒன்று. அது கடை போன். ஆன்லைன் வகுப்புக்காகப் போன் வீட்டில் இருக்கும். கடையில் ஸ்டிக்கர் மட்டும். வாடிக்கையாளர் தம் போனில் காட்டுவதைப் பார்த்துக் கடைப்பையன் சரக்கைக் கொடுப்பான்.

இரண்டு மாதமாகக் கணக்கு இடித்தது. கோயம்பேட்டு மொத்த வியாபாரிக்கு அனுப்பவேண்டிய பணத்தில் துண்டு விழுந்தது. போலிப் படத்தைக் காட்டி யாரோ ஏமாற்றுகிறார்கள், பையன் கவனிக்கவில்லை என்று முடிவு செய்து, நாலு பேர் முன்னிலையில் அவனைத் திட்டினேன். மறுநாள் முதல் அவன் வரவில்லை.

பாஸ்புக்கைப் பதிந்தபோதுதான் புரிந்தது. 80, 160, 400 என்று வரிசையாகப் பற்று. எல்லாம் ஒரு செல்போன் விளையாட்டில் உடையும் ஆயுதமும் வாங்கிய பணம். மொத்தம் இருபத்து மூவாயிரத்துக்கு மேல். நான் ரகசிய எண்ணை அழுத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே மகன் மனப்பாடம் செய்திருக்கிறான். எஸ்.எம்.எஸ்.களை அவ்வப்போது அழித்தும் விட்டான். ரகசிய எண் போட்டு வாங்கியதால் வங்கியிலும் வழி பிறக்கவில்லை. கடைப்பையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் அவன் வேறு கடையில் சேர்ந்திருந்தான்.

மகனை அடிக்கக் கை ஓங்கியது, மனைவி தடுத்தார். அவன் அழுதுகொண்டே சொன்னது: "அந்த டிரெஸ் இல்லேன்னா டீம்ல சேர்க்க மாட்டாங்கப்பா." பள்ளி இல்லை, தெருவில் விளையாட்டு இல்லை. நண்பர்களைச் சந்திக்க அவனுக்கு இருந்த ஒரே இடம் அதுதான் என்பது எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

விளையாடும் பிள்ளையெல்லாம் நோயாளி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இருக்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முக்கியமாதல், கெடுதல் தெரிந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் அந்தப் பெயர். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014 முதலே இதற்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. அவ்வளவு தூரம் போகுமுன் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். தமிழக அரசு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் இயற்றியது. இவை பந்தயப் பணத்தைக் குறிவைத்தவை. விளையாட்டுக்குள் சட்டை வாங்கும் சிறுவனை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்தது இதுதான். கடைக்குத் தனிப் போன், தனிக் கணக்கு. பணம் வந்ததைக் குரலில் சொல்லும் பெட்டி. வீட்டுப் போனில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பு. தினமும் இரவு வரவு பற்றைப் பேரேட்டில் எழுதுவது மகனின் வேலை. ஒளிக்காமல் அவனிடமே கொடுத்தேன். முதல் வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். பிறகு துவரம்பருப்பில் நமக்குக் கிலோவுக்கு இவ்வளவுதானா நிற்கிறது என்று அவனே கேட்டான்.

கடை மூடும்போது கடை போனைக் கல்லாவிலேயே வைத்துப் பூட்டிவிடுகிறேன். இரவில் மொத்த வியாபாரி அழைத்தால் எடுக்க ஆளில்லை. காலையில் திருப்பிக் கூப்பிடுகிறேன். இதுவரை ஒரு மூட்டை சரக்கும் தவறியதில்லை.